பன்றி நோய்த் தடுப்பூசியின் பரிசோதனையும் அதன் சமுதாயத் தளமும்

1

ஒரு தடுப்பூசி பயன் தரவல்லது என்று கூறப்படும்பொழுது, அக்கூற்றுக்குப் பின்னால் எத்தகைய சான்று நிற்கின்றது என்னும் வினா எழுதல் இயல்பு. இவ்வினா மிருக வைத்தியருக்கும் ஆய்வுகூட விஞ்ஞானிக்கும் மாத்திரம் உரியதன்று. அறிவு எவ்வாறு உருவாகின்றது, அது எவரின் உழைப்பினாலும் இழப்பினாலும் உறுதி செய்யப்படுகின்றது, இறுதியில் எவரைச் சென்றடைகின்றது என்பவற்றிலே அக்கறையுடைய எவரும் இதனைப் புறக்கணித்தல் இயலாது. பன்றிகளைத் தாக்கும் வைரசு நோய்களுக்கெதிரான தடுப்பூசிகள் எவ்வாறு சோதிக்கப்படுகின்றன என்பதனை விளக்கி, அவ்விளக்கத்தின் வழியே மேற்கூறிய வினாக்களை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பன்றி பற்றிய கட்டுரை தமிழாய்வு இதழொன்றிலே இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அவ்வியப்புங்கூட ஆராயத்தக்கதே. சங்கச் செய்யுள்களிலே தினைப்புனம் புகும் கேழலாகவும் ஏனமாகவும் மதிப்புடன் காட்சி தந்த விலங்கு, பிற்காலத்திலே வசைச்சொல்லாகத் தாழ்ந்தமை தற்செயலன்று. சாதிப் படிநிலை இறுகிய சமுதாயத்திலே, ஒடுக்கப்பட்ட மக்களின் முற்றத்தில் வளர்ந்த விலங்கும் அவர்தம் தொழிலைப் போலவே இழிவுக்குள்ளாயிற்று. உயர் சாதியினர் தீண்டாத விலங்கின் நோய், கற்றோர் எழுத்திலும் இடம்பெறாமற் போயிற்று. ஆனால், பொருளியல் நோக்கிலே பன்றி வறியவரின் சேமிப்பாகும். எஞ்சிய உணவையும் பயிர்க்கழிவையும் ஒரு வருடத்துக்குள் இறைச்சியாக மாற்றித் தரவல்ல விலங்குகள் மிகச் சிலவே. இந்தியாவிலே 2019இல் நடைபெற்ற கால்நடைக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 90 இலட்சம் பன்றிகளைக் காட்டியது. அவற்றுள் ஏறக்குறைய 21 இலட்சம் அசாம் மாநிலத்தில் மாத்திரம் இருந்தன. வடகிழக்கின் பழங்குடி மக்களிடத்தே கல்விச் செலவும் மருத்துவச் செலவும் பன்றி விற்ற பணத்திலேயே பெரிதும் தங்கியுள்ளன. இலங்கையிலே புத்தளம், கம்பகா, கொழும்பு மாவட்டங்களின் கரையோரத்திலே இவ்வளர்ப்புச் செறிந்துள்ளது.

2

முதற்கண் சொல் மயக்கமொன்றினைத் தீர்த்துக் கொள்ளுதல் அவசியம். 2009இல் உலகெங்கும் மனிதரிடையே பரவிய இன்புளுவென்சா நோயினைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'பன்றிக் காய்ச்சல்' என்றே வழங்கின. இங்கு ஆராயப்படுவது அதுவன்று. பன்றிகளிடையே மாத்திரம் பரவி அவற்றைக் கொல்லும் இருவேறு வைரசு நோய்கள் உள. ஒன்று, நெடுங்காலமாக 'பன்றிக் கொலரா' என வழங்கிப் பின்னர் 'செந்நிலைப் பன்றிக் காய்ச்சல்' எனப் பெயர் பெற்றது. மற்றது, 1921இல் கென்யாவிலே மொன்ற்கோமரி என்பவரால் முதன்முதல் விபரிக்கப்பெற்ற 'ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல்'. காய்ச்சல், தோல் சிவத்தல், உட்குருதிக் கசிவு, திடீர் மரணம் எனப் புறத்தோற்றத்தில் இரண்டும் ஒத்திருப்பினும், இவற்றைத் தோற்றுவிக்கும் வைரசுகள் ஒன்றுக்கொன்று எவ்வித உறவுமற்றவை. ஒன்றின் தடுப்பூசி மற்றதற்குப் பயன்படாது. இரண்டுமே மனிதரைத் தாக்குவதில்லை.

தடுப்பூசியைச் சோதிப்பதற்கு முன் நோயின் காரணம் சரிவர அறியப்படல் வேண்டும் என்பதற்குப் பன்றிக் கொலராவின் வரலாறு தக்க சான்றாகும். 1880களிலே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சல்மனும் தியோபால்ட் ஸ்மித்தும் நோயுற்ற பன்றிகளிலிருந்து ஒரு பற்றீரியத்தைப் பிரித்தெடுத்து, அதுவே நோய்க்குக் காரணம் எனக் கருதினர். கொல்லப்பட்ட பற்றீரியத்தைச் செலுத்திப் புறாக்களுக்கு நிர்ப்பீடனம் அளிக்கலாம் என்பதனை 1886இல் அவர்கள் நிறுவியமை விஞ்ஞான வரலாற்றிலே சிறப்பிடம் பெறுகின்றது. எனினும், பண்ணையிலே பன்றிகள் தொடர்ந்து மடிந்தன. அப்பற்றீரியத்தின் மூலம் நோயுற்றுத் தேறிய பன்றி, இயற்கையாகப் பரவிய நோய்க்கு மீண்டும் இரையாயிற்று. இம்முரண்பாட்டினைக் கூர்ந்து நோக்கியதன் விளைவாகவே, 1903இல் டி ஷ்வைனிட்ஸ், மரியன் டோர்செற் ஆகியோர், பற்றீரியம் புகவியலாத நுண்வடிகளினூடாக வடிக்கப்பட்ட குருதி நீர்ப்பாயமும் நோயைத் தோற்றுவிப்பதைக் காட்டினர். நோயின் காரணி வைரசு என்பது இவ்வாறு தெளிவாயிற்று. ஆய்வுகூடத்திலே பெற்ற வெற்றியைப் பண்ணையின் நடைமுறை மறுத்துரைத்தது. அம்மறுப்பே அறிவினை அடுத்த படிக்கு உயர்த்தியது. கோட்பாட்டின் உரைகல் நடைமுறையே என்னும் கருத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டினைக் காண்டல் அரிது.

டோர்செற்றும் அவர்தம் சகபாடிகளும் சில ஆண்டுகளுள் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரிலே ஒரு தடுப்பு முறையை உருவாக்கினர். நிர்ப்பீடனம் பெற்ற பன்றியின் நீர்ப்பாயத்தையும் வீரியமுள்ள வைரசையும் ஒருங்கே செலுத்தும் முறை அது. டோர்செற் அதற்குப் பெற்ற காப்புரிமையைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்கே விட்டுக்கொடுத்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. அம்முறை பன்றிகளைக் காத்தது உண்மை. அதேவேளை, உயிருள்ள வைரசை ஊரூராகக் கொண்டு சென்றமையால் நோயை நிலைக்கவும் செய்தது. தனிவிலங்கைக் காப்பதும் நோயை ஒழிப்பதும் ஒன்றல்ல என்ற பாடம் அங்கு கற்கப்பட்டது. 1960களில் ஒழிப்பு இயக்கம் தொடங்கி, தடுப்பூசியும் படிப்படியாகக் கைவிடப்பட்ட பின்னரே, 1978இல் அந்நாடு நோயற்றதாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

3

இனி, பரிசோதனையின் அமைப்பினை நோக்குவோம். தடுப்பூசி ஏற்றிய பன்றி நோயுறவில்லை என்பது மாத்திரம் சான்றாகாது. அப்பன்றியை வைரசு அணுகாமலே இருந்திருக்கலாம். ஆகவே, ஒரே வயதும் ஒரே இனமும் ஒத்த உடல்நிலையும் கொண்ட பன்றிக்குட்டிகள், முன்பு அந்நோய்க்கு ஆளாகாதவை எனக் குருதிச் சோதனையால் உறுதி செய்யப்பட்டு, குலுக்கல் முறையிலே இரு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரு குழுவுக்குத் தடுப்பூசி ஏற்றப்படும், மற்றதற்கு ஏற்றப்படாது. குறித்த நாட்களின் பின்னர் இரு குழுக்களுக்கும் வீரியமுள்ள வைரசு ஒரே அளவிலே செலுத்தப்படும். இதனை 'அறைகூவற் சோதனை' எனலாம். தடுப்பூசி பெறாத குழு நோயுறாவிடின், தடுப்பூசி பெற்ற குழு நலமாயிருப்பதிலிருந்து எதனையும் முடிவு செய்தல் இயலாது, அச்சோதனை செல்லாதது.

விளைவு பின்வருமாறு கணிக்கப்படும். உதாரணமாக, தடுப்பூசி பெறாத 10 பன்றிகளுள் 8 நோயுற, தடுப்பூசி பெற்ற 10 பன்றிகளுள் 2 நோயுற்றன எனக் கொள்வோம். தடுப்பூசி இல்லாவிடில் நோயுற்றிருக்கக்கூடிய 8 பன்றிகளுள் 6 காக்கப்பட்டன. எனவே பாதுகாப்பு வீதம் 75 ஆகும். ஆனால், எண்ணிக்கை சிறிதாயிருக்கும்பொழுது தற்செயலின் பங்கு பெரிதாகும் என்பதனை மறத்தலாகாது. ஒரேயொரு பன்றி மேலதிகமாக நோயுற்றிருப்பினும் வீதம் 63க்குக் கிட்டத்தட்ட இறங்கிவிடும்.

செந்நிலைப் பன்றிக் காய்ச்சலுக்கெனச் சர்வதேச ரீதியாக ஏற்கப்பட்டுள்ள சோதனை இன்னும் நுட்பமானது. முழு மருந்தளவும் பன்றியைக் காக்கின்றதா என்று கேட்பதற்குப் பதிலாக, எவ்வளவு நீர்த்த பின்னரும் காக்கின்றது என்று அது கேட்கின்றது. ஐந்து குட்டிகள் கொண்ட ஒரு குழுவுக்கு மருந்தளவின் 40இல் ஒரு பங்கும், மற்றொரு ஐந்துக்கு 160இல் ஒரு பங்கும் ஏற்றப்படுகின்றன. இரண்டு குட்டிகள் ஒப்பீட்டுக்காக ஏற்றப்படாது விடப்படுகின்றன. 14 நாட்களின் பின் அனைத்துக்கும் வீரியமுள்ள வைரசு செலுத்தப்படும். நோய்க்குறியின்றிப் பிழைத்தவற்றின் தொகையைக் கொண்டு, பாதிப் பன்றிகளைக் காக்கப் போதுமான மிகச் சிறிய அளவு கணிக்கப்படுகின்றது. அவ்வளவே ஓர் அலகு. நல்ல தடுப்பூசியின் ஒரு மருந்தளவிலே இத்தகைய அலகுகள் 100 ஆவது இருத்தல் வேண்டும் என்பது விதி.

நூறு மடங்கு மிகையை எதிர்பார்ப்பதற்குக் காரணமுண்டு. ஆய்வுகூடத்துத் தொழுவத்திலே நல்லுணவு உண்டு வளர்ந்த குட்டி வேறு. அசாமின் மலையோரக் குடிசையிலே குடற்புழுவோடும் அரைப்பட்டினியோடும் வளரும் குட்டி வேறு. தடுப்பூசி 2 முதல் 8 பாகை வரையிலான குளிரிலே பேணப்படல் வேண்டும். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் கிராமத்தை அது சென்றடையும்பொழுது அதன் வீரியத்தின் ஒரு பகுதி அழிந்திருக்கும். வறுமையினாலும் வசதியின்மையினாலும் நேரும் இழப்பு அம்மிகையிலிருந்தே ஈடுசெய்யப்படுகின்றது. எனவே, முற்றிலும் தொழினுட்பமாகத் தோன்றும் இவ்வெண்ணினுள்ளேயும் சமுதாய நிலைமைகள் பொதிந்துள்ளன.

தாய்ப்பாலின் பங்கும் இங்கு குறிப்பிடற்பாலது. பன்றியின் சூல்வித்தகம் தாயின் பிறபொருளெதிரிகளைக் கருவுக்குக் கடத்துவதில்லை. குட்டி பிறந்து முதன்முதற் குடிக்கும் கடும்புப்பாலின் மூலமே அவற்றைப் பெறுகின்றது. தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்கு இறைவனே முலை கொடுத்ததாகத் திருவிளையாடற் புராணம் ஒரு படலம் அமைத்தது. குட்டியின் உயிர் தாய்ப்பாலிலே தங்கியிருந்ததனைக் கண்டறிந்த மக்களின் அனுபவம் அப்புராணக் கதையின் அடித்தளமாயிருக்கலாம். ஆனால், குட்டியைக் காக்கும் அதே பிறபொருளெதிரிகள் தடுப்பூசியிலுள்ள நலிந்த வைரசையும் அழித்துவிடுகின்றன. மிக முந்தி ஏற்றின் ஊசி பயனற்றுப் போகும். பிந்தி ஏற்றின் குட்டி நோய்க்கு இரையாகும். இவ்விடைவெளியைச் சரிவரக் கணிப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதியாகும்.

4

சோதனையில் எது அளக்கப்படல் வேண்டும் என்பது பிறிதொரு வினா. பன்றி உயிர்பிழைத்தலை அளக்கலாம், காய்ச்சலின்மையை அளக்கலாம், குருதியிலே பிறபொருளெதிரிகளின் அளவைக் காணலாம், அறைகூவலின் பின் அது வைரசை வெளியேற்றி மற்றப் பன்றிகளுக்குப் பரப்புகின்றதா எனவும் நோக்கலாம். இவற்றின் விடைகள் எப்பொழுதும் ஒத்திருப்பதில்லை. நோய்க்குறியின்றி நடமாடும் பன்றி வைரசைப் பரப்புமாயின், அதன் உரிமையாளருக்கு அத்தடுப்பூசி இலாபம். அயலாருக்கோ அது நட்டம்.

இதற்கு எமது நாட்டு வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1985-86இலும் 1987-88இலும் அனுராதபுரப் பகுதியிலே யப்பானிய மூளையழற்சி நோய் மனிதரிடையே கொள்ளைநோயாகப் பரவிப் பல உயிர்களைக் கொண்டது. நெல்வயலிலே பெருகும் நுளம்புகள் அந்நோயின் வைரசைக் காவுகின்றன. பன்றியின் குருதியிலே அது பன்மடங்கு பெருகுகின்றது. இந்நோயைப் பொறுத்தவரையில், பன்றிக்குரிய தடுப்பூசி மனிதரைக் காக்குமா என்று அறிதற்குப் பன்றி பிழைத்ததா என்று பார்த்தல் பயனற்றது. ஏனெனில், வளர்ந்த பன்றி பெரும்பாலும் நோய்க்குறி எதனையும் காட்டுவதில்லை. அதன் குருதியிலே வைரசு தோன்றாது தடுக்கப்பட்டதா என்பதே அங்கு அளவுகோல். இலங்கையில் 1988 முதல் மனிதருக்குத் தடுப்பூசி ஏற்றும் வழியே கைக்கொள்ளப்பட்டது.

அளவுகோலைச் சந்தையும் தீர்மானிப்பதுண்டு. 1950களிலே சீனாவில், முயல்களினூடாகப் பன்னூறு முறை கடத்தி நலிவாக்கப்பட்ட 'சீ' வகை வைரசு, செந்நிலைப் பன்றிக் காய்ச்சலுக்கெதிரான தடுப்பூசிகளுள் மிகச் சிறந்தது என்பது பலமுறை நிறுவப்பட்டது. எனினும், ஊசி பெற்ற பன்றியையும் நோயிலிருந்து தேறிய பன்றியையும் குருதிச் சோதனையால் வேறுபடுத்த முடியாமையால், ஐரோப்பிய ஏற்றுமதிச் சந்தை அதனை ஏற்கவில்லை. வழக்கமான தடுப்பூசி கைவிடப்பட்டிருந்த சூழலிலே 1997-98இல் ஒல்லாந்திலே நோய் பரவியபொழுது, ஒரு கோடிக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை நோயுற்றவையல்ல. காக்கவல்ல மருந்து கையிலிருக்கவும், பண்டத்தின் பரிமாற்ற மதிப்பைப் பேணுவதற்காக விலங்குகள் அழிக்கப்பட்டன. இதன் பின்னரே, இவ்வேறுபாட்டைக் காட்டவல்ல 'அடையாளத் தடுப்பூசி' பற்றிய ஆய்வு மேலும் முனைப்புப் பெற்றது.

5

இந்திய அனுபவம் உற்பத்தி பற்றிய பிரச்சினையை முன்னிலைப்படுத்துகின்றது. அங்கு 1964 முதல் ஆங்கிலேய வெய்பிரிட்ஜ் வகையைச் சார்ந்த, முயலிலே வளர்க்கப்பெற்ற தடுப்பூசி பயன்பட்டு வந்தது. அது பயனுடையதே. ஆனால், ஒரு முயலைக் கொன்றால் ஏறத்தாழ 50 மருந்தளவுகளே கிடைத்தன. நாட்டின் ஆண்டுத் தேவை 2 கோடியே 20 இலட்சம் மருந்தளவுகளாக இருக்க, உற்பத்தி ஏறத்தாழ 12 இலட்சமாகவே இருந்தது. அதாவது, தேவையின் இருபதில் ஒரு பங்களவே நிறைவு செய்யப்பட்டது. சோதனையிலே நூறு வீதம் வெற்றி பெற்ற தடுப்பூசியாயினும், இருபது பன்றிகளுள் ஒன்றைத்தான் சென்றடையுமாயின், சமுதாயத்தைப் பொறுத்தவரையில் அதன் பாதுகாப்பு ஐந்து வீதமே. இக்கணக்கு ஆய்வுகூட அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை.

பரேலிக்கு அண்மையிலுள்ள இசத்நகர் இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இக்குறையைக் கலவளர்ப்பு முறையினால் நீக்க முயன்றது. முதலில் பழைய முயல்வழி வைரசையே கலவளர்ப்புக்குப் பழக்கியது. பின்னர், இந்திய மண்ணிலேயே பிரித்தெடுக்கப்பட்ட வைரசைக் கலங்களில் தொடர்ந்து வளர்த்து நலிவாக்கி உருவாக்கிய தடுப்பூசியை 2020 பெப்ரவரியிலே வெளியிட்டது. ஏற்றிய 14ஆம் நாள் முதல், ஆராயப்பட்ட 18 மாதங்கள் வரை, பாதுகாப்பு நீடித்ததாக அறிவிக்கப்பட்டது. முயல்வழித் தடுப்பூசியின் விலை மருந்தளவு ஒன்றுக்கு 15 முதல் 25 ரூபா வரையிருக்க, இதன் விலை 2 ரூபாவுக்கும் குறைவாக அமையும் எனவும் கூறப்பட்டது. ஒரு சிறிய வளர்ப்புக் குடுவையிலிருந்து பல இலட்சம் மருந்தளவுகளைப் பெற முடிந்தமையே இதற்குக் காரணம். உற்பத்திச் சக்தியின் வளர்ச்சி, அறிவின் பயனைப் பரவலாக்கும் வாய்ப்பினைத் தந்தது எனலாம். வாய்ப்பு மெய்ம்மையாவது விநியோகத்திலே தங்கியுள்ளது.

6

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலோ முற்றிலும் வேறானதொரு நிலைமையைத் தோற்றுவித்தது. அதன் வைரசு உருவிற் பெரியது, அமைப்பிற் சிக்கலானது. பிறபொருளெதிரிகள் மாத்திரம் அதனைத் தடுக்கப் போதியனவல்ல. எனவே, கொல்லப்பட்ட வைரசினாலான ஊசிகள் தோல்வியுற்றன. உயிருள்ள நலிந்த வைரசே எஞ்சிய வழியாயிற்று. அவ்வழியின் ஆபத்தை 1960களின் தொடக்கத்திலே போர்த்துக்கல் உணர்ந்தது. போதிய சோதனையின்றி ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் பன்றிகளுக்கு அத்தகைய தடுப்பூசி ஏற்றப்பட, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவை ஊசியின் விளைவாலேயே நுரையீரல் அழற்சி, மூட்டுவீக்கம், கருச்சிதைவு, மரணம் ஆகியவற்றுக்கு ஆளாயின.

2007இல் யோர்ச்சியா நாட்டினூடாக ஐரோப்பாவின் எல்லையிலே மீண்டும் புகுந்த இந்நோய், 2018இல் சீனாவையும், 2019இல் வியத்நாமையும், 2020இல் அசாம், அருணாசலப் பிரதேசம் ஆகியவற்றையும் அடைந்தது. 2022இல் கேரளத்தின் வயநாட்டிலும், 2023இன் தொடக்கத்தில் நீலகிரியின் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடையேயும் அது கண்டறியப்பட்டது. இலங்கையிலே 2024இன் பிற்பகுதியில் மேல் மாகாணத்திலே வெளிப்பட்டு, ஏனைய மாகாணங்களுக்கும் பரவியது.

இந்நெருக்கடியின் மத்தியில், மரபணுவொன்று நீக்கப்பட்ட வைரசைக் கொண்டு அமெரிக்க அரச ஆய்வாளர் உருவாக்கிய தடுப்பூசிக்கு 2022 யூனிலே வியத்நாம் அனுமதி வழங்கியது. ஓகஸ்ற் மாதத்திலே, தென்மத்திய மாகாணங்களில் ஊசி பெற்ற பன்றிகள் பல நூறு மடிய, அதன் பயன்பாடு இடைநிறுத்தப்பட்டது. வகுக்கப்பட்ட நெறிமுறைக்கு அப்பால் ஊசி ஏற்றப்பட்டமையே காரணமென அதிகாரிகள் கூறினர். மேலதிக கண்காணிப்பின் பின், 2023 யூலையிலே இத்தடுப்பூசியும் வேறொன்றும் நாடளாவிய பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டன. உலக விலங்குநல அமைப்பு இவ்வகைத் தடுப்பூசிகளுக்குரிய தராதரத்தை ஏற்றுக்கொண்டது 2025 மே மாதத்திலேயே.

இந்நிகழ்ச்சியில் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்பது எமது நோக்கமன்று. அறைகூவற் சோதனை விடையளிக்கவியலாத வினாக்கள் உண்டு என்பதே இங்கு கருதத்தக்கது. நலிந்த வைரசு பன்றிக்குப் பன்றி தாவும்பொழுது மீண்டும் வீரியம் பெறுமா? சினைப்பன்றிக்குத் தீங்கு செய்யுமா? களத்தில் உலவும் வைரசுடன் கலந்து புதியதொன்றைத் தோற்றுவிக்குமா? இவற்றை அறிய, ஊசி பெற்ற பன்றியின் வைரசை அடுத்தடுத்த பன்றிகளுக்குக் கடத்திப் பார்க்கும் சோதனைகளும், மிகையளவு ஏற்றும் சோதனைகளும், நீண்ட காலக் கள அவதானிப்பும் வேண்டப்படுகின்றன. இவை காலமும் பணமும் கோருவன. நெருக்கடியில் அவை சுருக்கப்படின், எஞ்சிய சோதனை விவசாயியின் தொழுவத்திலேயே நடைபெறும். ஆய்வுகூடத்திலே மடியும் பன்றிக்கு ஆய்வு நிதி ஈடு செய்கின்றது. தொழுவத்திலே மடியும் பன்றிக்கு ஈடு செய்பவர் எவருமில்லாவிடின், சிறு விவசாயி தாம் அறியாமலும் சம்மதியாமலும் அப்பரிசோதனையின் செலவைச் சுமப்பவராகின்றார்.

7

மேற்போந்தவற்றை எமது சூழலிற் பொருத்திப் பார்த்தல் தகும். கொழும்புத்துறையிலோ பாசையூரிலோ ஒருவர் தமது வளவிலே இரண்டு பன்றி வளர்ப்பாராயின், அவர் பெரும்பாலும் உணவகக் கழிவையும் கல்யாண வீட்டு எச்சத்தையுமே தீனாக இடுவார். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் வைரசு பன்றியிறைச்சியிலே நெடுங்காலம் உயிர்த்திருக்கவல்லது; கழிவுணவு அதன் முக்கிய வழிகளுள் ஒன்று. நன்கு கொதிக்க வைத்த பின்னரே தீனிடல், வெளியார் தொழுவத்துள் நுழைவதைத் தடுத்தல், நோயுற்ற விலங்கை மறைத்து விற்காதிருத்தல் என்பனவே தடுப்பூசி இல்லாவிடத்துக் காப்பாகும். ஆனால், விறகுச் செலவு எவருடையது? நோயை அறிவித்தவரின் பன்றிகள் கொல்லப்படும்பொழுது இழப்பீடு உரிய காலத்தில் கிடைக்குமா? இவற்றுக்கு விடையின்றி 'விவசாயிக்கு விழிப்புணர்வில்லை' என்று குறைகூறுதல் பிரச்சினையைத் தலைகீழாக நிறுத்துவதாகும். இழப்பீடு நிச்சயமெனில் அவர் நோயை அறிவிப்பார். நிச்சயமில்லையெனில் இரவோடிரவாக விற்பார். அவருடைய உணர்வை அவருடைய வாழ்நிலையே தீர்மானிக்கின்றது.

கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடமும் எமக்குள்ள பொது நிறுவனங்கள். எந்தவொரு தடுப்பூசியும் இந்நாட்டிற்கு வருமுன் இங்குள்ள வைரசுக்கும் இங்குள்ள வளர்ப்பு முறைக்கும் ஏற்பச் சுயாதீனமாகச் சோதிக்கப்படல் வேண்டுமெனின், இத்தகைய நிறுவனங்களுக்கு வைரசு வெளியேறாத பாதுகாப்பான தொழுவங்களும், ஆய்வாளரும், நிதியும் வேண்டும். விற்போன் தரும் அறிக்கையை மாத்திரம் நம்பியிருக்கும் நாடு, தனது விவசாயிகளையே சோதனைக்கு விடும் நாடாகிவிடும். சோதனையின் முடிவுகள் வெற்றி தோல்வி இரண்டையும் உள்ளடக்கித் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்படல் வேண்டும். தமது விலங்குக்கு ஏற்றப்படுவது யாது, அதன் பாதுகாப்பு எத்தனை வீதம், அதன் ஆபத்து யாது, பன்றி மடியின் ஈடு செய்பவர் யார் என்று வளர்ப்போர் கேட்கவும் விடை பெறவும் அவர்களுக்கென அமைந்த சங்கங்கள் துணைபுரியலாம்.

சுருங்கக் கூறின், தடுப்பூசியொன்று மூன்று தளங்களிலே சோதிக்கப்படுகின்றது. ஆய்வுகூடத்திலே அது தனிவிலங்கைக் காக்கின்றதா என்றும், களத்திலே நோய் பரவுதலைத் தடுக்கின்றதா என்றும், சமுதாயத்திலே வறியவரின் தொழுவத்தைச் சென்றடைகின்றதா என்றும் வினவப்படல் வேண்டும். முதலாவது வினாவுக்கு விடைகாண விஞ்ஞானம் செம்மையான முறைகளை வகுத்துள்ளது. இரண்டாவதற்கு வகுத்து வருகின்றது. மூன்றாவது வினாவை எழுப்புவதும், அதற்கு விடை கோருவதும் விஞ்ஞானிகளின் கடமை மாத்திரமன்று. பன்றி வளர்ப்போரோடு ஒன்றிணைந்து நிற்கக்கூடிய முற்போக்குச் சக்திகள் அனைத்தினதும் கடமையாகும்.